அக்காவுக்குக் கொப்பி இல்லை

சிறுநீரகம் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது என்பதும், கொடுத்தால் ஆள் பத்து வருசத்தில் முடிந்துவிடும் என்பதும் திருகோணமலையில் ஒரே வீட்டு விறாந்தையில் ஒரே தேத்தண்ணி நேரத்தில் கேட்கக்கூடிய இரண்டு கருத்துகள். சொல்கிறவர்கள் இருவருக்கும் உறுதி ஒரே அளவுதான். முதலாவதைச் சொல்கிறவர், கொடுத்துவிட்டு இன்றைக்கும் கடலுக்குப் போகிற யாரோ ஒருவரைக் காட்டுவார். இரண்டாவதைச் சொல்கிறவருக்கும் காட்ட ஒரு ஆள் இருப்பார். பெரும்பாலும் அவர் வேறு ஊர்க்காரராக, இன்னாருடைய மைத்துனராக இருப்பார். என் அக்கா தன் கணவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் என்பதால் இரண்டு கருத்துகளும் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும். அக்காவுக்குப் பிரஷர் இருக்கிறது என்று தெரிந்த அன்று முதலாவது சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டது. இரண்டாவது குடியேறிவிட்டது.

தெரியவந்த விதமே எனக்கு இன்னும் உறுத்துகிறது. உப்புவெளிப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம். அக்கா போனது கண் பார்க்க. உள்ளே விடுவதற்கு முன் எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார்கள். 158/96 வந்தது. சற்று இருத்திவிட்டு மறுபடி பார்த்தபோதும் பெரிதாக இறங்கவில்லை. அங்கிருந்த மிஸ், “அம்மா, உங்களுக்கு ஏற்கனவே பிரஷர் இருக்கோ?” என்று கேட்டிருக்கிறார். அக்கா சொன்ன பதில்: “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை மிஸ், நான் கிட்னி குடுத்த ஆள்.”

யோசித்தால் அதில் பிழை ஒன்றும் இல்லை. சிறுநீரகம் கொடுக்க ஒருவரை எடுக்குமுன் உடம்பைத் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பார்கள். இரத்தம், சிறுநீர், சீனி, ஈசிஜி, எக்கோ, ஸ்கான். அக்காவும் அத்தானும் கண்டிக்கு பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று அலைந்த காலம் முழுக்க அந்தச் சோதனைகளுக்காகத்தான். முடிவில் ‘இவர் சுகதேகி, எடுக்கலாம்’ என்று வந்தது. எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு சான்றிதழ் கிடைத்ததில்லை. பதினொரு வருசமாக அக்கா அதை மனதில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார். அதற்குக் காலாவதித் திகதி உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அத்தானுக்குச் சொன்னார்கள். மாற்றுச் சிறுநீரகம் வாங்கியவருக்கு ஆயுள் முழுக்கக் கிளினிக் உண்டு. அவருடைய கிளினிக் கொப்பிகள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்கியிருக்கின்றன. மட்டை கிழிந்தவை, பேப்பர் உறை போட்டவை, மழையில் நனைந்து மை ஊறியவை. ஒவ்வொரு முறையும் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எல்லாம் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவர் எடுக்கும் டாக்ரோலிமஸ், பிரெட்னிசொலோன் இரண்டும் பிரஷரையும் சீனியையும் ஏற்றக்கூடியவை. மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே இறந்துபோகிறவர்களை அதிகம் கொண்டுபோவது இதயமும் இரத்தக் குழாயும்தான். ஆகவே அத்தானுடைய இதயத்தை ஊரே காவல் காத்தது. அந்தக் கிளினிக்குக்கெல்லாம் பக்கத்துக் கதிரையில் அக்கா இருந்திருக்கிறார், கையில் தண்ணீர்ப் போத்தலும் குளிசைப் பையுமாக. கையை நீட்டுங்கோ என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குக் கொப்பி இல்லை. கொப்பி இல்லாதவர் நோயாளி இல்லை.

முகாம் முடிந்து வந்த அன்றிரவு அத்தான் சாப்பிடவில்லை. “என்னாலதான்” என்று ஒரே ஒரு சொல். அடுத்த நாள் டவுனுக்குப் போய் பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வந்தார். காலையும் மாலையும் அக்காவின் கையில் பட்டியைச் சுற்றிவிட்டு, எண் வரும்வரை அவருடைய முகம் இருக்கும் விதத்தைப் பார்த்தால் நமக்குப் பிரஷர் ஏறும். பெரியம்மா வந்தார். “ரெண்டு பேர் இழுக்கிற வேலையை ஒண்டு இழுத்தா என்ன நடக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டவருக்குத் தெரியாது, அதே கேள்வியை வைத்துக்கொண்டு உலகத்தின் சிறுநீரக வைத்தியர்கள் எழுபது வருசமாக மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று.

யாரோடு ஒப்பிடுவது

1954 டிசம்பரில் பொஸ்டனில் டொக்டர் ஜோசப் மரேயும் அவருடைய குழுவும் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரருக்கு வைத்தார்கள். வாங்கியவர் ரிச்சர்ட் ஹெரிக், கொடுத்தவர் ரொனால்ட் ஹெரிக். உயிரோடு இருக்கிறவர் கொடுத்து வெற்றிகரமாக முடிந்த முதல் மாற்றுச் சிகிச்சை அதுதான். ரிச்சர்ட் எட்டு வருசம் இருந்தார். ரொனால்ட் 2010இல், 79 வயதில், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கல்களால் இறந்தார். இதை வாசித்தபோது எங்கள் விறாந்தையின் இரண்டு கட்சியும் நினைவுக்கு வந்தன. ஒன்று, பார், 56 வருசம் ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்ந்திருக்கிறார் என்று சொல்லும். மற்றது, பார், கடைசியில் இதயம்தான் கொண்டுபோனது என்று சொல்லும். ஒரே மனிதரின் வாழ்க்கை இருவருக்கும் சாட்சி சொல்லுகிறது என்றால் அது சாட்சியே இல்லை.

ஒரு சிறுநீரகத்தை எடுத்தால் வடிகட்டும் திறன் அன்றே பாதியாகிறது. அப்புறம் மிச்சமிருப்பதற்கு இரத்தம் கூடுதலாகப் போகிறது, அது பெருக்கிறது, வேலையைக் கூட்டிக்கொள்கிறது. சில மாதங்களில் பழைய திறனில் அறுபத்தைந்து, எழுபது வீதத்துக்கு வந்து நிற்கிறது. பெரியம்மா கேட்டது, அந்தக் கூடுதல் வேலை ஒருநாள் வடிகட்டிகளைத் தேய்த்துவிடாதா என்பதைத்தான். 1982இல் பாரி பிரெனரும் அவருடன் வேலை செய்தவர்களும் அதை ஒரு கருதுகோளாகவே வைத்தார்கள். இதயத்துக்கு வந்தால் பயம் இன்னும் கூடும். வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு அறுபது மில்லிலீட்டருக்குக் கீழே போன சாதாரண மனிதர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் கூடுகிறது என்பது பெரிய ஆய்வுகளில் தெளிவாக வந்த விசயம். கொடுத்தவர்களில் பலர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அக்காவின் பழைய கோப்பில் 104 என்று இருந்தது, இப்போது 66. அப்படியென்றால் அவர்களுக்கும் அதே ஆபத்தா?

இங்கேதான் கதை சுவையாகிறது. சாதாரணமாக ஒருவருடைய சிறுநீரகம் பழுதாகிறது என்றால் அதைப் பழுதாக்கியது சீனியோ பிரஷரோ வேறொரு நோயோ. அதே நோய் இதயத்தின் குழாய்களையும் அரித்துக்கொண்டிருக்கும். எது எதைக் கெடுத்தது என்று பிரிப்பது கடினம். கொடுத்தவருக்கோ நோய் இல்லை, அளவு மட்டும் குறைந்திருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, கொடுத்தவர்களின் இதயத்தை எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். ஒரு வருசத்தில் இதயத்தின் இடது கீழறைத் தசை சராசரியாக ஏழு கிராம் அளவில் கூடியிருந்தது, பிரஷர் கூடாமலேயே. அந்தத் தசை தடிப்பது இதயத்துக்கு நல்ல சகுனம் இல்லை. அந்த வரியை இரவு வாசித்துவிட்டு அத்தானுக்குச் சொல்லாமல் படுத்தேன். பிறகு அதே குழு ஐந்து வருசம் கழித்துப் பார்த்ததை வாசித்தேன்: கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் அந்தத் தசையில் வித்தியாசம் நிற்கவில்லை, நாடிக்குழாயின் விறைப்பிலும் இல்லை.

நான் கணிதம் படிப்பிக்கிற ஆள், அதனால் எண்களைக் கண்டால் விடமாட்டேன். கனடாவின் ஒன்டாரியோவில் கொடுத்தவர்கள் இரண்டாயிரம் பேரை, அவர்களைப்போலவே ஆரோக்கியமாகத் தெரிந்த இருபதாயிரம் பேரோடு ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். மாரடைப்பு போன்ற பெரிய இதய நிகழ்வுகள் கொடுத்தவர்களுக்குக் கூடவில்லை. 2014இல் நோர்வேக்காரர்கள் 1,901 பேரைப் பார்த்துவிட்டு வேறு விதமாகச் சொன்னார்கள்: இதயத்தாலும் இரத்தக் குழாயாலும் வரும் இறப்பு ஏறத்தாழ நாற்பது வீதம் கூட. ஒரே கேள்வி, இரண்டு விடை. வித்தியாசம் எங்கே என்று தேடினால், கனடாக்காரர்கள் பின்தொடர்ந்த காலம் நடுக்கணக்காக ஆறரை வருசம், நோர்வேக்காரர்கள் பதினைந்து வருசம். அதோடு நோர்வே ஆய்வில் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளியின் சொந்த இரத்தம்; ஒப்பிடப்பட்டவர்கள் ஒரே ஒரு மாவட்டத்துச் சனம், வயதும் குறைவு. அண்ணனுக்குச் சிறுநீரகத்தைப் பழுதாக்கிய பரம்பரை தம்பிக்குள்ளும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பழைய ஆய்வுகள் பல கொடுத்தவர்களைப் பொதுசனத்தோடு ஒப்பிட்டு, ‘அவர்களும் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள்’ என்று முடித்தன. மாகாண மட்டத்தில் ஓடிய பிள்ளை, காலில் அடிபட்ட பிறகு வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு சமமாக ஓடினால், அடி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லலாமா? கொடுத்தவர்கள் பொறுக்கி எடுத்தவர்கள். அவர்களை அவர்களைப்போலப் பொறுக்கி எடுத்தவர்களோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். பிரஷரையே எடுங்கள். 2006இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், வயதோடு கூடுவதற்கு மேலே இன்னும் ஐந்து புள்ளி அளவில் கூடும் என்றார்கள். 2024இல் கனடாவும் அவுஸ்திரேலியாவும் சேர்ந்து, தொள்ளாயிரத்துச் சொச்சம் கொடுத்தவர்களை அதே அளவு ஆரோக்கியமான, கொடுக்காத ஆட்களோடு ஏழு வருசம் வைத்துப் பார்த்தன. இரண்டு பக்கமும் பிரஷர் வந்தது 17 வீதம்.

பதினேழும் பதினேழும். அந்த எண்ணை அத்தானுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு வாசித்தார். “இது ஏழு வருசம். இவவுக்கு பதினொண்டு” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மனுசன் என்னைவிடக் கணக்கில் கெட்டி.

உங்களுக்கு?

கடைசியில் சனி, ஞாயிறுகளில் வெளியூரிலிருந்து வந்து பார்க்கிற சிறுநீரக டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணினோம். அத்தான் பிஸ்கட் தகரத்தோடு வந்தார். டொக்டர் அதைத் திறக்கவில்லை. “இண்டைக்கு அம்மாவைத்தானே பார்க்க வேணும்” என்று சொல்லிவிட்டு அக்காவின் பக்கம் கதிரையைத் திருப்பினார்.

உங்கட அம்மா, அப்பாவுக்கு என்ன வருத்தம் இருந்தது என்பது முதல் கேள்வி. அம்மாவுக்குப் பிரஷர், அறுபத்திரண்டு வயதில் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துதான் போனார். இதை அக்கா சொல்லும்போது நான் அத்தானைப் பார்த்தேன். வீட்டில் அத்தனை நாள் நடந்த விசாரணையில் அம்மாவின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அடுத்து, நோவுக்குக் குளிசை ஏதும் எடுக்கிறீங்களோ என்று கேட்டார். முழங்கால் நோவுக்கு அக்கா பாமசியில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவார், டொக்டரின் துண்டு கேட்காமல் தருவார்கள். டொக்டரின் முகம் மாறியது அங்கேதான். அந்த வகைக் குளிசைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தையும் குறைக்கும். இரண்டு சிறுநீரகம் இருக்கிறவர் தாங்கிக்கொள்வதை ஒன்று தாங்காது. பனடோல் போதும், அதற்கும் அளவு உண்டு என்றார்.

அப்புறம் சாப்பாடு. “வீட்டில உப்பு எப்பிடி?”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தப் பாடம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். “உப்பு நல்லாக் குறைச்சாச்சு டொக்டர். இவருக்குக் கிட்னி வைச்ச நாளில இருந்து இவற்ற சட்டி வேற. கருவாடு இல்லை, அப்பளம் இல்லை, ஊறுகாய் இல்லை. சொதிக்குக்கூட அளந்துதான் போடுறன்.”

“சரி. உங்களுக்கு?”

அக்கா பேசவில்லை.

“உங்கட சட்டியில என்ன இருக்கு எண்டு கேட்டனான்.”

அந்தச் சட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். திருகோணமலைச் சட்டி. நிலாவெளிப் பக்கத்துக் கருவாடு, மாசிச் சம்பல், பொரித்த மிளகாய், உப்பில் ஊறிக் காய்ந்த மாங்காய். கத்தரிக்காயும் கருவாடும் போட்டு அக்கா வைக்கிற குழம்புக்காக நானே ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அத்தானுக்கு உப்பில்லாத சாப்பாடு என்று வந்தபின், பிள்ளைகள் முகம் சுளிக்கக் கூடாது, வருகிறவர்கள் குறை சொல்லக் கூடாது என்று மற்றச் சட்டியில் அக்கா கையைத் தாராளமாக்கிவிட்டார். நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராமுக்குள் உப்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் அது மத்தியானத்தோடு முடிந்துவிடும். ஒரே அடுப்பில் இரண்டு சட்டி. வாங்கியவர் நல்ல சட்டியில் சாப்பிட்டிருக்கிறார், கொடுத்தவர் மற்றதில்.

அத்தான்தான் முதலில் சிரித்தார். அப்படி அவர் சிரித்துக் கனநாள். அக்காவுக்குக் கோபம். “கருவாட்டாலயா டொக்டர், கிட்னி குடுத்ததாலயா? ஒண்டைச் சொல்லுங்கோ” என்றார். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, இதை ஒருவரும் சொல்ல முடியாது என்றார். ஆயிரம் பேரைப் பார்த்தால் இத்தனை வீதம் என்று சொல்லலாம். உங்கள் ஒருவருடைய பிரஷரைக் கீறிப் பார்த்து இது அம்மாவுடையது, இது கருவாடு, இது முழங்கால் குளிசை, இது கண்டியில் எடுத்தது என்று பங்கு பிரிக்க முடியாது. எப்படி வந்திருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். ஆனால் ஒன்று செய்திருக்கலாம், என்று சற்று நிறுத்தினார். வருசத்துக்கு ஒரு தடவை உங்களுக்குப் பிரஷர் பார்த்து, கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்திருந்தால், இது 138ஆக இருக்கும்போதே பிடித்திருக்கலாம்.

இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கொடுத்தவரை வருசத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டலிலேயே இருக்கிறது: பிரஷர், நிறை, கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம், சாப்பாடு-நடை-புகை பற்றி ஒரு பேச்சு. இதில் ஒன்றுக்கும் பெரிய மெஷின் தேவையில்லை. முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிற சுகவாழ்வு நிலையங்கள் நாட்டில் பரவலாக உண்டு. அரைவாசி வேலை அங்கேயே முடிந்துவிடும். வாங்கியவருக்குக் கொப்பி போடுகிற மேசையில் கொடுத்தவருக்கும் ஒரு கொப்பி போட்டால் என்ன? கிளினிக்கில் கூட்டம், ஆள் இல்லை என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அனுராதபுரப் பக்கத்திலும் எங்கள் மாவட்டத்துப் பதவி சிறிபுரப் பக்கத்திலும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயால் அவதிப்படுகிற சனம் எவ்வளவு என்றும் தெரியும். சுகமாக இருக்கிறவரை எதற்குக் கூப்பிடுவது என்று அங்கே இருக்கிறவர்கள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனால் அக்கா அந்தக் கதவைத் தாண்டி ஒவ்வொரு கிளினிக்குக்கும் வந்துகொண்டுதான் இருந்தார்! கூப்பிடக்கூடத் தேவையில்லை, பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

இப்போது அக்கா பிரஷருக்கு ஒரு லொசார்டன் குளிசை எடுக்கிறார். 130/80க்குக் கிட்ட வைத்திருக்கச் சொன்னார் டொக்டர், அநேகமாக நிற்கிறது. டைக்ளோஃபினாக் நின்றுவிட்டது, முழங்கால் நோவு நிற்கவில்லை. சட்டி ஒன்றாகிவிட்டது, பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். கருவாடு மாதத்தில் ஒரு நாள் என்று பேச்சுவார்த்தை நடந்து முடிந்திருக்கிறது. ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அத்தான் மட்டும் தன் குற்றச்சாட்டை முழுதாக வாபஸ் வாங்கவில்லை. பாதி கருவாடு, பாதி நான் என்கிறார்.

கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள்

போன மாதம் என்னோடு படிப்பிக்கிற கிண்ணியா ஆசிரியர் ஒருவர் தன் உறவுக்காரரின் குடும்பத்தை அக்காவிடம் கூட்டி வந்தார். தகப்பனுக்கு டயாலிசிஸ். இருபத்தாறு வயது மகள் கொடுக்க நிற்கிறாள், ஆறு மாதத்தில் அவளுக்குக் கலியாணம். தகப்பன் வேண்டாம் என்று அழுகிறார். அவள் அக்காவிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “அன்ரி, குடுத்தா எனக்கு ஒண்டும் ஆகாதா?”

பழைய அக்கா என்றால் ஒன்றும் ஆகாது மகள் என்று தலையைத் தடவி அனுப்பியிருப்பார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அக்கா அவளிடம் அவளுடைய உம்மாவின் பிரஷரைக் கேட்டார், மூத்தம்மாவின் சீனியைக் கேட்டார், பிள்ளை பெறுகிற எண்ணம் எப்போது என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்குக் காரணம் நான் வாசித்துச் சொன்ன ஒரு கனடா ஆய்வு: சிறுநீரகம் கொடுத்தபின் கர்ப்பமான பெண்களில் 11 வீதமானவர்களுக்குக் கர்ப்பகாலப் பிரஷரோ அதன் கடுமையான வடிவமான முன்சூல்வலிப்போ வந்தது, கொடுக்காதவர்களில் 5 வீதம். பெரும்பாலானவர்களுக்குத் தாயும் பிள்ளையும் சுகமாகத்தான் முடிந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு மடங்கு இரண்டு மடங்குதான். இருபத்தாறு வயதில் கொடுக்கிறவளுக்கு முன்னால் அந்த ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஐம்பது வருசம் இருக்கிறது. எந்த ஆய்வும் அவ்வளவு தூரம் அவளோடு கூடவே நடந்து போனதில்லை. நாற்பத்தொரு வயதில் கொடுத்த அக்காவின் கணக்கும் இவளுடைய கணக்கும் ஒன்றல்ல.

கொடுக்காதே என்று அக்கா சொல்லவில்லை. திரும்பக் கேட்டால் தானும் கொடுப்பேன் என்றார், அத்தானைப் பார்க்காமல். அவள் கேட்டாள், பிறகு கிளினிக்கில் என்னையும் பார்ப்பார்களா என்று. அக்கா, “நீயாக் கேட்டாத்தான் பார்ப்பினம். கையெழுத்து வைக்க முந்தியே கேள்” என்றார்.

அவர்கள் போனபிறகு ஆசிரியரிடமிருந்து செய்தி வந்தது. இப்போது தாயைச் சோதிக்கிறார்களாம். நாற்பத்தொன்பது வயது, இரத்தவகை பொருந்துகிறது, பிரஷருக்கு ஒரு குளிசை எடுக்கிறார். அந்த ஒரு குளிசைக்காக மட்டும் தள்ளிவிட மாட்டார்கள், கட்டுப்பாட்டில் இருந்தால் எடுக்கிற இடங்களும் உண்டு என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை எக்கோ. மகள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, தாயும் விட்டுக்கொடுக்கவில்லை.